கால்வாய் கடந்த வங்க நங்கை

சென்ற ஆண்டு நம் சங்கத்தின் ஆண்டு விழா விளையாட்டுப் போட்டிகளுக்கு நிரல் வகுக்க நாம் கூடியிருந்த மாலையை அன்பர்கள் சிலர் மறந்திருக்க மாட்டார்கள். சிறுவர்க்கு நூறு மீட்டர் ஓட்டம், நீளந் தாண்டுதல், கயிறு இழுத்தல் என்று பட்டியல் நீண்டுகொண்டே சென்றது. சிறுமியர் பகுதி வந்ததும் வழக்கம்போல் எலுமிச்சம்பழக் கரண்டி ஓட்டமும், இசை நாற்காலியும், கோலப் போட்டியும் இடம் பெற்றன. அப்போது, பெண்குழந்தைகளுக்கு ஏரிக்கரை நீச்சற்குளத்தில் ஒரு பந்தயம் வைத்தால் என்ன என்று ஒரு தாய் மெல்லிய குரலில் கேட்டார். அவை நகைத்தது, அடுத்த பொருளுக்குச் சென்றது. நகைத்தவர்களுள் நாமும் ஒருவர் என்பதை மறைப்பதற்கில்லை.

அன்றிரவு வீடு திரும்பும் வழியில் அந்நகைப்பு நம் நெஞ்சை உறுத்தியது. நாம் பிழைக்க வந்து குடியிருக்கும் இக்கல்கத்தா மாநகரம் ஆரதி சாஹா பிறந்த ஊர். அவர் நீந்தப் பழகிய ஊர். அவர் கண் மூடிய ஊரும் இதுவே. அவ்வம்மையாரின் பெயரை நம் பிள்ளைகள் அறிந்திருக்கவில்லை. பெற்றோருள்ளும் பலர் அறியார். ஆகவே இவ்வாண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது, வேறு பொருளை நாடாமல் இதையே எழுதத் துணிந்தோம்.

நம் சொந்த ஊர் நாராயணவனம். புத்தூர் ரயில் நிலையத்தில் இறங்கிச் சிறிது தொலைவு செல்ல வேண்டும். ஆகாசராஜனின் தலைநகரம் அதுவே என்பதும், பத்மாவதித் தாயாரைத் திருவேங்கடமுடையான் மணம் புரிந்த இடம் அதுவே என்பதும் ஊரார் நம்பிக்கை. கல்யாண வேங்கடேசர் கோயில் அதற்குச் சான்றாக நிற்கிறது. நாம் பிறந்தபோது அது சித்தூர் மாவட்டம். 2022 முதல் திருப்பதி மாவட்டம். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு என்று வளர்ந்தவர்கள் நாம். 1960ஆம் ஆண்டு எல்லை திருத்தியபோது திருத்தணி சென்னை இராச்சியத்துக்குச் சென்றது. எங்கள் ஊர் ஆந்திரத்திலேயே நின்றது. கல்கத்தாவுக்கு வருவதற்கு முன்னரே நாம் ஒருவகையில் வெளிமாநிலத் தமிழராகிவிட்டோம் என்று நண்பர்கள் கேலி செய்வதுண்டு.

ஊரை ஒட்டி அருணா நதி ஓடுகிறது. ஓடுகிறது என்று சொல்வது மரியாதைக்காக. ஆண்டில் பெரும்பகுதி மணல்தான். எனவே நீச்சல் என்றால் கவலை இறைக்கும் கிணறுதான். முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி, மேலிருந்து தள்ளிவிடுவார்கள். நாலு நாளில் பிள்ளை மிதந்துவிடும். எங்கள் அத்தை ஒருவர் அக்கிணற்றில் ஆண்பிள்ளைகள் எவரையும் பின்னே விட்டு நீந்துவாராம். பன்னிரண்டு வயது நிரம்பியதும் கிணற்றடிப் பக்கம் போகக் கூடாது என்று கட்டளையாயிற்று. அதன் பின் தண்ணீர் எடுக்க மட்டுமே அவர் அங்கே போனார். அத்தையின் கதை இவ்வளவுதான். ஆயினும் பின்னர் அவரைக் குறித்து ஓரிடத்தில் சொல்ல வேண்டியிருக்கிறது.

விரைவு என்பது பெண்ணுக்குரியதன்று என்ற எண்ணம் நம் நாட்டுக்கு மட்டும் உரியது என்று எண்ண வேண்டா. உறைந்த ஏரிகளின் மீது எஃகு விளிம்புக் காலணி பூண்டு பறந்து செல்லும் நார்வே, ரஷ்ய நாட்டுப் பெண்களைப் படங்களில் காண்கிறோம். ஆடவரின் பனிச்சறுக்கு விரைவுப் பந்தயம் 1924 முதல் குளிர்கால ஒலிம்பிக்கில் நடைபெற்று வந்தது. பெண்களின் பந்தயத்தை 1932இல் ஒருமுறை காட்சிக்காக மட்டும் நடத்தினர். பதக்கத்துக்குரியதாக ஏற்றது 1960இல்தான். பனிக்கட்டி நமக்கு வாய்க்காத பொருள். நம் வெப்ப நாட்டில் பெண்ணொருத்தி காலத்தோடு போட்டியிடத் தக்க களம் தண்ணீர். அக்களத்தில் இறங்கியவர் ஆரதி.

1940ஆம் ஆண்டு செப்டம்பர் 24ஆம் நாள், வடகல்கத்தாவில் நடுத்தரக் குடும்பம் ஒன்றில் அவர் பிறந்தார். தந்தை பஞ்சுகோபால் சாஹா. மூன்று குழந்தைகளுள் ஆரதி நடுப்பிள்ளை. இரண்டரை வயதில் தாயை இழந்தார். அண்ணனும் தங்கை பாரதியும் மாமன் வீட்டில் வளர, ஆரதி பாட்டியின் கையில் வளர்ந்தார். தாயற்ற குழந்தையைக் குளிப்பாட்ட உறவினர் கங்கைக் கரையிலுள்ள சம்பாதலாப் படித்துறைக்கு அழைத்துச் செல்வது வழக்கம். நான்கு வயதில் அப்படித்துறையிலேயே அவர் நீந்தக் கற்றார். குளிக்க அழைத்துச் சென்ற குழந்தை கரையேற மறுத்ததைக் கண்ட தந்தை, அவரை ஹாட்கோலா நீச்சல் சங்கத்தில் சேர்த்தார்.

இச்செயலைச் சற்று நின்று நோக்க வேண்டும். 1940களின் வங்கத்தில், பெரிய வருவாய் இல்லாத ஒரு தந்தை, தாயில்லாத மகளை நீச்சல் சங்கத்தில் சேர்த்தார். அக்காலத்துக் கல்கத்தா பஞ்சத்தையும் போரையும் கண்டது. 1946இல் கலவரத்தையும் கண்டது. அதே 1946இல், ஐந்தே வயதுச் சிறுமி, சைலேந்திர நினைவு நீச்சற்போட்டியில் 110 கெஜ தன்விருப்ப நீச்சலில் தங்கப் பதக்கம் பெற்றார். சச்சின் நாக் என்னும் பெரும் நீச்சல் வீரரின் கண் அச்சிறுமி மீது விழுந்தது. 1951இல் டில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில் இந்தியாவுக்கு நீச்சலில் தங்கம் தேடித் தந்தவர் அவர். அத்தகையவர் வழிகாட்டியாக வாய்த்தது ஆரதியின் நற்பேறு.

பின் வந்த ஆண்டுகளில் வங்க மாநிலப் போட்டிகளில் இருபத்திரண்டு வெற்றிகள் அவருக்குக் கிட்டின. அகில இந்திய அளவில் ஒருவர் மட்டும் அவருக்கு முன்னே நின்றார். பம்பாய் டாலி நாசிர். 1948இல் பம்பாயில் நடந்த தேசியப் போட்டியில் ஆரதி இரண்டு வெள்ளியும் ஒரு வெண்கலமும் பெற்றபோது அவருக்கு எட்டு வயது. 1951இல் நூறு மீட்டர் மார்பு நீச்சலை 1 நிமிடம் 37.6 விநாடியில் முடித்து, டாலி நாசிரின் அகில இந்தியச் சாதனையையும் கடந்தார்.

மறு ஆண்டு, 1952. பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி நகரில் ஒலிம்பிக் விளையாட்டு. விடுதலை பெற்ற இந்தியா முதன்முறையாகப் பெண்களை அனுப்பியது. நால்வர் சென்றனர்: ஓட்டத்தில் நீலிமா கோஷ், மேரி டிசூசா, நீச்சலில் டாலி நாசிர், ஆரதி சாஹா. ஆரதிக்குப் பன்னிரண்டு வயதுகூட நிறையவில்லை. இந்திய அணியிலேயே இளையவர் அவர். இருநூறு மீட்டர் மார்பு நீச்சலின் தகுதிச் சுற்றில் 3 நிமிடம் 40.8 விநாடியில் நீந்தினார். அடுத்த சுற்றுக்கு அது போதவில்லை. நம் அத்தையைக் கிணற்றடியிலிருந்து விலக்கிய அதே வயதில், இக்குழந்தை உலகப் பந்தயத்தில் தோற்றுத் திரும்பியது. அத்தோல்வி நமக்கு வெற்றியினும் பெரிதாகத் தோன்றுகிறது.

நாடு திரும்பிய பின் ஒரு வேடிக்கை நடந்தது. நூறு மீட்டர் தன்விருப்ப நீச்சலில் தங்கை பாரதியிடமே ஆரதி தோற்றார். அதன் பின்னர் அவர் தன்விருப்ப நீச்சலை விடுத்து மார்பு நீச்சலிலேயே கருத்தூன்றினார். உடன்பிறந்தாளிடம் தோற்பது பிறரிடம் தோற்பதினும் கடுமையானது என்பதை இரு மகளிரைப் பெற்றவர்கள் அறிவார்கள்.

சிறு தொலைவுப் பந்தயங்களோடு கங்கையில் நெடுந்தொலைவு நீந்தும் போட்டிகளிலும் அவர் கலந்துகொண்டு வந்தார். அவ்வமயம் 1958ஆம் ஆண்டு பிறந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு மாதம், டாக்கா நகரைச் சார்ந்த பிரஜேன் தாஸ், இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடைப்பட்ட ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தார். பட்லின் என்பார் பெயரால் நடந்த பன்னாட்டுப் பந்தயம் அது. ஆடவருள் முதலாவதாக வந்தவர் பிரஜேன் தாஸ். ஆயின் ஆண் பெண் அனைவருள்ளும் முதலாவதாகக் கரையேறியவர் டென்மார்க்கில் பிறந்த கிரேட்டா ஆண்டர்சன் என்னும் பெண்மணி! செய்தியின் இவ்விரண்டாம் பகுதியே ஆரதியின் உள்ளத்தில் கனன்றிருக்க வேண்டும் என்பது நம் ஊகம். அடுத்த மாதமே, 27ஆம் நாள், கல்கத்தா வழக்கறிஞர் மிஹிர் சென் கால்வாயைக் கடந்து முதல் இந்தியரானார்.

ஆரதி பிரஜேன் தாசுக்கு வாழ்த்து அனுப்பினார். உன்னாலும் இயலும் என்ற பொருளில் அவர் மறுமொழி விடுத்தார். அத்தோடு நில்லாமல், அடுத்த ஆண்டுப் பந்தயத்துக்கு ஆரதியின் பெயரை அமைப்பாளரிடம் தாமே முன்மொழிந்தார். நாட்டுப் பிரிவினை நிகழ்ந்து பதினோர் ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் கிழக்குப் பாகிஸ்தானியர், இவர் இந்தியர். தண்ணீரில் எல்லைக்கோடு போட எவராலும் இயலவில்லை.

இங்கே கால்வாயைப் பற்றி நம் வாசகருக்குச் சிறிது கூறுதல் நலம். கால்வாய் என்றதும் பக்கிங்காம் கால்வாய் போன்ற ஒன்றை எண்ணிவிடக் கூடாது. மிகக் குறுகிய இடத்தில் அது ஏறத்தாழ 21 மைல் அகலமுள்ள கடல். ஆறு மணிக்கொரு முறை ஓதம் திசை மாறும். நேர்க்கோட்டில் நீந்த எண்ணுபவரை முதலில் ஒருபுறமும் பின்னர் மறுபுறமும் அது இழுத்துச் செல்லும். ஆகவே 21 மைல் என்பது நாற்பது மைலாக நீண்டுவிடும். கரை அருகிற் சென்றும் அதை அடையாமல் மணிக்கணக்கில் ஒரே இடத்தில் கையடித்துக்கொண்டிருந்தவர் பலர். செப்டம்பர் மாதத்தில்கூட நீரின் வெம்மை 16, 17 பாகை செல்சியசைத் தாண்டுவது அரிது. கோடைக் கங்கையில் ஊறிய உடலுக்கு அது பனிநீர். குளிரைத் தாங்க உடலெங்கும் கொழுப்பு மசகு பூசிக்கொள்வர். துணைப் படகு உடன் வரும், உணவும் கொடுப்பர். ஆயின் படகை ஒருமுறை தொட்டாலும், உடன் வருவோர் கை மேலே பட்டாலும் எல்லாம் வீண்.

1875இல் மாத்யூ வெப் என்னும் ஆங்கிலேயர் ஏறத்தாழ 22 மணி நேரத்தில் முதன்முதலாக அதைக் கடந்தார். பெண்ணொருத்தி கடக்க முடியும் என்பதை 1926 வரை பலரும் நம்பவில்லை. அவ்வாண்டு அமெரிக்காவின் கெர்ட்ரூடு எடர்லி அதைக் கடந்தார். அதுவரை கடந்த ஆடவர் அனைவரினும் விரைவாகக் கடந்தார். நகைத்தவர்கள் என்ன செய்தார்கள் என்று வரலாறு குறிக்கவில்லை.

ஆரதிக்குத் துணிவு இருந்தது, பொருள் இல்லை. இங்கிலாந்து சென்று பல வாரம் தங்கி, படகு அமர்த்தி, பயிற்சி செய்ய வேண்டிய தொகை நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாத ஒன்று. ஹாட்கோலா சங்கத்தின் துணைச் செயலாளரான மருத்துவர் அருண் குப்தா அம்முயற்சியைத் தலைமேற்கொண்டார். நீச்சற் காட்சிகள் நடத்தி நிதி திரட்டினர். மிஹிர் சென்னும் உடன் நின்றார். அப்படியும் குறை விழுந்தது. இறுதியில் சிலர் முதலமைச்சர் டாக்டர் விதான் சந்திர ராயிடம் சென்று முறையிட, அவர் 11,000 ரூபாய் அளிக்க ஏற்பாடு செய்தார். பிரதமர் நேருவும் இம்முயற்சியில் அக்கறை காட்டினார். நம் சங்கத்தில் நிதி திரட்டப் பட்டியல் நோட்டோடு படியேறி இறங்கியவர்களுக்கு, 1959ஆம் ஆண்டின் பதினோராயிரம் ரூபாய் எத்தகையது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பொருள் ஒருபுறம் திரள, உடலை மறுபுறம் பழக்கினார். 1959 ஏப்ரல் 13ஆம் நாள் தேசபந்து பூங்காக் குளத்தில், புகழ்பெற்ற நீச்சல் வீரரும் ஆயிரக்கணக்கான மக்களும் சூழ்ந்து நிற்க, எட்டு மணி நேரம் இடைவிடாது நீந்தினார். பின்னர் ஒரு நாள் பதினாறு மணி நேரம் நீந்தினார். கடைசி எழுபது மீட்டரையும் களைப்பின்றி விரைந்து முடித்தார் என்பர். குளத்து நீரில் ஓதமும் இல்லை, குளிரும் இல்லை. ஆயினும் பதினாறு மணி நேரம் ஒரே செயலைச் செய்து தளராதிருக்கும் மனம் அங்கேதான் பழுத்தது.

ஜூலை 24ஆம் நாள் அருண் குப்தாவை மேலாளராகக் கொண்டு அவர் இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். ஆகஸ்டு 13 முதல் கால்வாயிலேயே பயிற்சி. பந்தயத்துக்கு 23 நாடுகளிலிருந்து 58 பேர் வந்திருந்தனர். அவர்களுள் ஐவரே பெண்கள். பிரெஞ்சுக் கரையிலுள்ள கிரி நே முனையிலிருந்து ஆகஸ்டு 27ஆம் நாள் பின்னிரவு ஒரு மணிக்குப் பந்தயம் தொடங்குவதாக இருந்தது.

அன்று நடந்ததை நினைக்கும்போது இன்றும் நமக்கு மனம் பதைக்கிறது. ஆரதிக்கென்று அமர்த்திய வழிகாட்டிப் படகு உரிய நேரத்தில் வந்து சேரவில்லை. மற்றவர்கள் இருளில் பாய்ந்து மறைந்தனர். இவர் கரையில் காத்து நின்றார். ஐந்து நிமிடமன்று, பத்து நிமிடமன்று, நாற்பது நிமிடம். கால்வாயில் நாற்பது நிமிடம் என்பது வெறும் காலக்கணக்கு அன்று. ஓதம் துணையாக ஓடும் வேளை கைநழுவிப் போவது. பிந்தி இறங்கியும் அவர் சளைக்கவில்லை. முற்பகல் பதினொரு மணிக்கு நாற்பது மைலுக்கு மேல் நீந்தி, ஆங்கிலக் கரையை அணுகிவிட்டார். அப்போது எதிரோட்டம் வந்து மோதியது. அதன் பின் மாலை நான்கு மணி வரை, ஐந்து மணி நேரம் கையடித்தும் அவர் முன்னேறியது இரண்டு மைல் அளவே. தொடர விரும்பினார் அவர். படகோட்டி இணங்கவில்லை, வற்புறுத்தலுக்கு உட்பட்டு அவர் நீரை விட்டு ஏற நேர்ந்தது.

தம் குற்றம் ஏதுமின்றித் தோற்றவருக்கு இரண்டு வழிகள் உண்டு. படகுக்காரனைப் பழித்துக்கொண்டு ஊர் திரும்பலாம்; ஊரும் அனுதாபத்தோடு மாலையிட்டு வரவேற்கும். அல்லது மறுபடி இறங்கலாம். பதினெட்டு வயது நங்கை இரண்டாவதைத் தேர்ந்தார். பந்தயம் முடிந்துவிட்டது, பரிசும் இல்லை, போட்டியாளரும் இல்லை. தனியே முயல வேண்டும். செப்டம்பர் ஏற ஏற நீர் குளிரும். நாள் கடந்தால் அவ்வாண்டு வாய்ப்பே இல்லை. அவர் அங்கேயே தங்கிப் பயிற்சியைத் தொடர்ந்தார். செப்டம்பர் 24இல் அயல்நாட்டிலேயே அவருக்குப் பத்தொன்பது வயது நிறைந்தது.

ஐந்து நாள் கழித்து, 29ஆம் நாள் காலை 5 மணி 55 நிமிடத்துக்கு, அதே கிரி நே முனையில் அவர் மீண்டும் நீரில் இறங்கினார். அலைகள் கடுமையாக இருந்தன. காலை நண்பகலாயிற்று, நண்பகல் மாலையாயிற்று, பொழுதும் சாய்ந்தது. முதல் முயற்சியில் அவரைக் கரையேற்றிய பதினைந்தாம் மணியும் கடந்தது. இருள் சூழ்ந்த கடலில் படகின் விளக்கொளியே துணை. இரவு பத்தேகால் மணியளவில், இங்கிலாந்தின் சாண்ட்கேட் கரை மணல் அவர் காலில் பட்டது. பதினாறு மணி இருபது நிமிடம், 42 மைல். ஆங்கிலக் கால்வாயை நீந்திய முதல் ஆசியப் பெண் அவரே. கரையேறியதும் இந்தியக் கொடியை அங்கே ஏற்றினர். இலண்டனில் நம் தூதராக இருந்த விஜயலட்சுமி பண்டிட் அம்மையார் முதலாவதாக வாழ்த்தினார். மறுநாள், 30ஆம் தேதி, அகில இந்திய வானொலி நாடெங்கும் செய்தியை ஒலிபரப்பியது.

அது புரட்டாசி மாதம். நாராயணவனத்தில் நம் தந்தையார் திண்ணையில் அமர்ந்து செய்தித்தாளை உரக்கப் படித்தது நமக்கு நன்றாக நினைவிருக்கிறது. நமக்கு அப்போது ஒன்பது வயது. உள்ளே வாசற்படியை ஒட்டி நின்று அத்தை கேட்டுக்கொண்டிருந்தார். நாற்பத்திரண்டு மைல் என்றால் எவ்வளவு தூரம் என்று கேட்டார். தந்தையார் சற்றுக் கணக்கிட்டு, நம் வீட்டு வாசலிலிருந்து திருப்பதிக்கு நடந்து போய் மறுபடி வீடு வந்து சேரும் தூரத்துக்குச் சற்றுக் குறைவு என்றார். புரட்டாசிச் சனிக்கிழமைக்கு நடந்து சென்று வருபவர் அத்தை. அத்தூரம் அவருடைய காலுக்குத் தெரியும். சிறிது நேரம் பேசாதிருந்து, தண்ணீர் உப்பாயிருக்குமே, கண் எரிந்திருக்காதா என்று மட்டும் கேட்டு உள்ளே போய்விட்டார். தந்தையாருக்கு அதற்கு விடை தெரியவில்லை.

ஆரதியின் பிற்கால வாழ்வை விரிவாகக் கூற வேண்டிய தேவை இல்லை. அவ்வாண்டே விதான் சந்திர ராயின் ஆதரவில் அருண் குப்தாவை மணந்தார். பதிவுத் திருமணம் முதலிலும் சடங்குத் திருமணம் பின்னரும் நடந்தன. புகுந்த வீடு பாட்டியின் வீட்டுக்கு அருகிலேயே அமைந்தது. 1960இல் அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருதளித்தது. விளையாட்டுத் துறைப் பெண்ணொருவர் அவ்விருது பெற்றது அதுவே முதன்முறை. ரயில்வேயில் பணி புரிந்தார். ஒரு மகளுக்குத் தாயானார். கால்வாய்க்குப் பின் அதனை ஒத்த வேறொரு பெருஞ்செயலை அவர் மேற்கொள்ளவில்லை. இதைக் குறையாகச் சொல்வோரும் உளர். பத்தொன்பது வயதில் ஒருவர் செய்ததற்கு ஈடாக முப்பதிலும் நாற்பதிலும் மீண்டும் செய்து காட்ட வேண்டும் என்பது என்ன நியாயமோ, நமக்கு விளங்கவில்லை. ரயில்வேக் குடியிருப்புகளில் வாழ்ந்த நம் அன்பர்கள், அலுவலகம் சென்று வீடு திரும்பும் ஒரு பெண்ணின் நாள் எத்தகையது என்பதை நன்கறிவர்.

1994 ஆகஸ்டு மாதத் தொடக்கத்தில் மஞ்சள் காமாலை கண்டது. மூளை அழற்சியும் சேர்ந்தது. பத்தொன்பது நாள் மருத்துவமனையில் போராடி, 23ஆம் தேதி அவர் மறைந்தார். ஐம்பத்து நான்கு நிறைய ஒரு மாதம் இருந்தது. 1999இல் அஞ்சல் துறை அவர் உருவம் பொறித்த தபால்தலை வெளியிட்டது.

அவர் மறைந்த அதே 1994ஆம் ஆண்டில், சென்னையைச் சார்ந்த குற்றாலீசுவரன் என்னும் பன்னிரண்டு வயதுத் தமிழ்ச் சிறுவர் ஆங்கிலக் கால்வாயை நீந்தினார் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். கடல் நீந்துவது தமிழருக்குப் புதிதன்று. ஆரதிக்கும் முன்னரே, 1954இல், யாழ்ப்பாணத்து மு. நவரத்தினசாமி பாக்கு நீரிணையை நீந்திக் கோடிக்கரையை அடைந்தார். 1966இல் மிஹிர் சென் அந்நீரிணையைக் கடந்தார். 1971இல் வல்வெட்டித்துறையின் குமார் ஆனந்தன் இக்கரை வந்து மீண்டும் அக்கரை சென்றார். அந்த ஆனந்தனையே 1984இல் ஆங்கிலக் கால்வாய் உயிரோடு கொண்டுவிட்டது. ஆரதி இரவில் தனியே நீந்திய அதே நீர்தான் அது; அதன் கொடுமையை நாம் குறைத்து எண்ணக் கூடாது என்பதற்காகவே இதனைச் சொன்னோம். வங்கத்தில் ஆரதியின் வழியைப் பின்பற்றிப் பூலா சௌதுரி 1989இல் கால்வாயைக் கடந்தார்.

ஆரதி குளித்த படித்துறைப் பக்கம் சென்ற மார்கழியில் ஒரு காலை நாம் சென்றிருந்தோம். கங்கை கலங்கலாக ஓடியது. மூதாட்டியர் சிலர் முழுக்கிட்டுக்கொண்டிருந்தனர். ஒரு சிறுமி மட்டும் குளிரைப் பொருட்படுத்தாமல் படியிலிருந்து குதித்துக் குதித்து ஏறினாள். அவளை அழைத்து வந்தவர் துண்டோடு நின்று திட்டிக்கொண்டிருந்தார். அவர் திட்டியது வங்க மொழியில். ஆயினும் எங்கள் ஊர்க் கிணற்றடியில் கேட்ட அதே சுருதி.

இவ்வாண்டு விளையாட்டு நிரல் வகுக்கும் கூட்டத்தில் நாமே எழுந்து, சிறுமியர் நீச்சலைச் சேர்க்க வேண்டும் என்று முன்மொழிந்தோம். சென்ற ஆண்டு கேட்ட அத்தாய் வழிமொழிந்தார். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களும் கலந்துகொள்ளலாமா என்று ஒரு பெரியவர் வினவினார். அரை மணி நேரம் விவாதம் நடந்தது. கலந்துகொள்ளலாம் என்று முடிவாயிற்று. பதினொரு பெயர்கள் வந்தன. அவற்றுள் நான்கு, பன்னிரண்டு வயது கடந்த பெண்களுடையவை.